படத்தில் இருந்த பாயும் வெயிலில் சாகும் பாய்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், இராமநாதபுரம் கடற்கரையில் வளர்ந்துவரும் நீர் விளையாட்டுகளைப் பற்றிய செய்தி ஒன்றும், அதனுடன் விண்ட்சர்ஃபிங் பலகையின் மேல், அதாவது பாய் கட்டிக் காற்றால் ஓட்டும் பலகையின் மேல், நிற்கும் இளைஞர் ஒருவரின் வண்ணப் படமும் வெளியாகியிருந்தன. செய்தியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த இளைஞர் பிடித்திருந்த பாய் தவறாகக் கட்டப்பட்டிருந்தது. பாய்மரத்தை ஒட்டிய பகுதியில், குறுக்குக் குச்சிகள் ஒவ்வொன்றின் முனையிலிருந்தும் சுருக்கங்கள் கிளம்பியிருந்தன. உச்சியிலிருந்து பின்மூலைக்கு இறங்கும் விளிம்போ கோல் வைத்துக் கோடு போட்டது போல இறுகி நின்றது. பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அது விறைப்பாகவும் அழகாகவும் தெரியும். இருபது ஆண்டுகளாக மண்டபம் கரையில் பாய் பிடித்து வரும் எனக்கு, அந்த இளைஞரின் பின்கை, அதாவது பாயின் பின்பக்கத்தைத் தாங்கும் கை, அன்று இரவு எவ்வளவு வலித்திருக்கும் என்றுதான் தோன்றியது.

ஒரு படத்தில் சுருக்கம் இருப்பதற்காக ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டுமா என்று நானும் இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் படத்துக்கும், சென்ற ஆண்டு கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நான் நேரில் கண்ட ஒரு தகராறுக்கும் வேர் ஒன்றே என்பதால் எழுதத் துணிந்தேன். பலகையும் பாயும் வாடகைக்குத் தரும் ஒரு முகாமில், வெளியூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டு மணி நேரத்துக்குப் பணம் கட்டிக் கடலில் இறங்கினார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ விழுந்தபோது அவருடைய முழங்கால் பாயின் கண்ணாடி போலத் தெரியும் பகுதியில் பட்டது. அது ஒரு முழ நீளத்துக்குப் பிளந்துவிட்டது. கரைக்கு வந்ததும், புதுப் பாயின் விலையில் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முகாமினர் அவருடைய பையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அங்கே வேடிக்கை பார்த்து நின்ற என்னிடம் மாணவர், “முட்டி பட்டதற்கே கிழிகிற பாயை எதற்கு ஐயா கொடுத்தார்கள்?” என்று கேட்டார். நான் அந்தப் பாயைத் தொட்டுப் பார்த்தேன். பல மாதங்களாகக் கட்டியபடியே வெயிலில் கிடந்து, அவர் கைக்கு வருவதற்கு வெகு நாள் முன்பே அது செத்துப்போயிருந்தது.

இதை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று தங்கள் வாசகர்கள் கேட்கலாம். நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். பாடம் நடத்தும் பழக்கம் இன்னும் விடவில்லை என்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். இன்றைய விண்ட்சர்ஃபிங் பாய் ஒரே துணியால் தைக்கப்படுவதில்லை. மரம் நுழையும் உறை டேக்ரான் எனப்படும் நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் துணியால் ஆனது. அடிப்பகுதியிலும் உச்சியிலும், இரு தகடுகளுக்கு நடுவே நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டிய எக்ஸ்-பிளை என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதில் துளை விழுந்தாலும் அடுத்த நூல் வரைக்கும்தான் கிழிசல் ஓடும். நடுவில் கண்ணாடி போலத் தெரிகிற பெரிய பகுதி பெரும்பாலும் மோனோஃபிலிம், அதாவது ஒற்றை அடுக்குப் பாலியெஸ்டர் தகடு. எடை குறைவு, நீட்சி குறைவு, எதிரே வருகிற படகையும் அதன் வழியே பார்க்கலாம் என்று அதற்கு நன்மைகள் பல உண்டு. ஆனால் புற ஊதாக் கதிர் அந்தத் தகட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிறிது சிறிதாக வெட்டுகிறது. முதலில் தெளிவு மங்கும், அடுத்து மஞ்சள் தட்டி விறைக்கும், கடைசியில் அப்பளமாகிவிடும்.

ஆகவே, கிழிசலைப் பார்த்தே அது எப்படி நேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நல்ல நிலையில் உள்ள தகட்டில் பூம் என்ற கைப்பிடிக் குழாயின் முனையோ சிப்பியோ குத்தினால், குத்திய இடம் தெளிவாகத் தெரியும், கிழிசல் அங்கிருந்து ஒரு திசையில் ஓடியிருக்கும், ஓரத்தைப் பிடித்து வளைத்தால் தகடு வளைந்து கொடுக்கும். வெயிலில் செத்த தகட்டில் விரிசல் கிளை கிளையாகப் பிரியும், ஓரத்தை வளைத்தால் சிறு துண்டு உடைந்து கையோடு வரும். மாணவரின் பாயில் நான் ஓரத்தை லேசாக மடித்தேன். நகம் அளவுக்கு ஒரு துண்டு உடைந்து விழுந்தது. முகாம் நடத்துபவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் வாடகைப் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

அவரை மட்டும் குறை சொல்லி நான் நல்லவனாகிவிட விரும்பவில்லை. நான் முதன்முதலாக வாங்கிய பழைய பாயை, கீழே வைத்தால் எலி கடிக்குமே என்று அஞ்சி, சுருட்டாமலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே செருகி வைத்தேன். சித்திரை, வைகாசி இரண்டு மாதம் அது அங்கேயே இருந்தது. கச்சான் எழுந்ததும் ஆசையோடு இறக்கி விரித்தபோது மடிப்பு விழுந்த கோட்டிலேயே தகடு முழுதும் நொறுங்கியது. எலியே கடித்திருக்கலாம், ஒரு மூலையோடு போயிருக்கும்.

எங்கள் பகுதி மீனவர்களுக்குப் பாயைப் பேணுவது புதிய செய்தி இல்லை. பருத்தி வலையை உப்பும் ஈரமும் மட்கச் செய்யும் என்பதற்காகப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த காலத்தை முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். அன்று பகை ஈரம், அதனால் வெயில் துணையாக இருந்தது. செயற்கை இழைப் பாய் மட்காது. அதற்கு வெயிலே பகை. இந்தத் தலைகீழ் மாற்றம் மனத்தில் பதியாததால்தான், “நன்றாகக் காயட்டும்” என்று நல்லெண்ணத்தோடு பாயை நாள் முழுதும் மணலில் விரித்து வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நனைந்த பாய் நிழலில், காற்றில், அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். உச்சி வெயில் அதற்குத் தேவையே இல்லை.

இனிக் கட்டும் முறைக்கு வருகிறேன். பலகையின் மேல் எந்தப் பக்கமும் சாயும் மூட்டில் நிறுத்திய மரத்தையும், அதன் இரு புறமும் வளைந்து சென்று கைப்பிடியாகும் பூமையும் கொண்ட அமைப்புக்கு, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹோயில் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் இருவரும் 1968-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதற்கு முன்பே 1964-இல் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி பாய் பொருத்திய பலகையொன்றைச் செய்திருந்தார். ஷ்வைட்சர், டிரேக் காலத்துப் பாய் தளர்வான முக்கோணத் துணி. கட்டுவதில் நுணுக்கம் அதிகம் தேவைப்படவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இடம்பெற்றதற்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளில் பாய் அடியோடு மாறியது. குறுக்கே முழு நீளத்துக்கும் பேட்டன் என்ற குச்சிகள் வந்தன, தகடு வந்தது, வில் போல வளையும் கார்பன் மரம் வந்தது. இன்று பாயின் வடிவம் தையல்காரரின் வெட்டில் பாதியும், நாம் கரையில் இழுத்துக் கட்டும் கயிற்றில் பாதியுமாக இருக்கிறது. கட்டத் தெரியாதவர் கையில் எவ்வளவு விலை உயர்ந்த பாயும் பாதிப் பாய்தான்.

பாயின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிப்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. என்னிடமுள்ள 6.0 சதுர மீட்டர் பாயில் லஃப் 446, பூம் 184, மாஸ்ட் 430 என்று போட்டிருக்கிறது. எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு. லஃப் என்பது மரத்தை ஒட்டிய முன்விளிம்பின் நீளம்; மாஸ்ட் என்பது அந்த மரமே. 430 சென்டிமீட்டர் மாஸ்ட்டை நுழைத்தால் மீதி 16 சென்டிமீட்டரை அடியில் செருகும் நீட்டுக் குழாயில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கழித்தல் கணக்கை முதலிலேயே போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும். போடாதவர்கள் பாயை முழுவதும் இழுத்த பிறகு, கப்பி முட்டிக்கொண்டு இன்னும் இழுக்க இடமில்லை என்று கண்டு, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி தொடங்குவதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

மாஸ்ட்டின் நீளம் மட்டும் பொருந்தினால் போதாது, விறைப்பும் பொருந்த வேண்டும். மரத்தின் இரு முனைகளையும் தாங்கிகளில் வைத்து, நடுவில் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து, நீளத்தை அந்தத் தாழ்வால் வகுத்து ஓர் எண் தருகிறார்கள். 400 சென்டிமீட்டர் மரத்துக்கு வழக்கமாக 19, 430-க்கு 21, 460-க்கு 25 என்று வரும். மரம் எந்த இடத்தில் அதிகம் வளைகிறது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. ஒரு நிறுவனத்தின் பாயில் இன்னொரு நிறுவனத்தின் மரத்தை நுழைத்தால், எவ்வளவு இழுத்தாலும் போகாத ஒரு சுருக்கம் எங்காவது ஓரிடத்தில் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். பழைய பொருளை வாங்கும்போது பாயையும் மரத்தையும் ஒரே ஆளிடமிருந்து சேர்த்து வாங்குவது நல்லது.

மாஸ்ட் இரண்டு துண்டாக வரும். இணைக்குமுன் செருகும் பகுதியையும் அதை ஏற்கும் துளையையும் துடைத்து, மணல் ஒரு பருக்கைகூட இல்லை என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மணலோடு இணைத்த மாஸ்ட் மாலையில் பிரியாது. நாலு பேர் இழுத்தும் வராத மரத்தை, இரண்டு பூம்களை இணைப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாகக் கவ்வவிட்டு, நெம்புகோல் போல எதிரெதிராகத் திருகித்தான் பிரித்திருக்கிறோம். இணைப்பின் மேல் மின்வேலைக்குப் பயன்படும் ஒட்டுநாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் அந்தப் பாடு வராது.

பாயை விரிக்கும் இடமும் முக்கியம். எங்கள் கரையில் பவளத் துணுக்கும் உடைந்த சிப்பியும் நிறைய. கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் சீமைக்கருவேல முள். காய்ந்த முள் தகட்டில் ஏறினால் உடனே தெரியாது, இழுத்துக் கட்டும்போதுதான் கிழியும். பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்து அதன் மேல் வேலை செய்வது என் வழக்கம். மாஸ்ட்டை உறைக்குள் உச்சி வரை நுழைத்து, அடியில் நீட்டுக் குழாயைச் செருகி, கயிற்றைக் கப்பிகளில் ஒன்றையொன்று குறுக்கிடாதபடி வரிசையாகக் கோத்து, பாதி அளவுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். பிறகு பூமை மாட்ட வேண்டும். நின்று பார்த்தால் தோளுக்கும் கண்ணுக்கும் இடையில் ஓர் உயரம் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். புதியவருக்குத் தோளளவு போதும். பூமின் கவ்வி தளர்ந்திருந்தால் மரத்தில் வழுக்கித் தேய்க்கும், அளவு மீறி இறுக்கினால் கார்பன் குழாயை நெரிக்கும்.

அடுத்ததுதான் தங்கள் படத்தில் விடுபட்டது. டவுன்ஹால் என்கிற கீழ்நோக்கி இழுக்கும் கயிறு பாயைக் கீழே இறக்குவதற்கு மட்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது மாஸ்ட்டை வில்லாக வளைக்கிறது. மாஸ்ட் வளைந்தால் உச்சி பின்னோக்கி வந்து, மேற்பகுதியின் பின்விளிம்பு தளர்கிறது. திடீரென்று காற்று மொத்தினால் அந்தத் தளர்ந்த பகுதி திறந்து, மிகுந்த காற்றை வெளியே விட்டுவிடுகிறது. பாயின் வயிறு, அதாவது ஆழமான பகுதி, முன்னால் மரத்துக்கு அருகிலேயே நிலைத்து நிற்கிறது. போதிய அளவு இழுக்காவிட்டால் மேல்விளிம்பு இறுகியே இருக்கும், வயிறு பின்னோக்கி நகரும், ஒவ்வொரு மொத்தலிலும் பின்கையில் சுமை ஏறும். பிடிப்பவர் தன் உடல் வலு போதவில்லை என்றுதான் நினைப்பார்; அடுத்த நாள் வர மாட்டார்.

எவ்வளவு இழுப்பது என்று கேட்டால், பார்க்கச் சகிக்காத அளவு என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். மணலில் கிடக்கும் பாயின் உச்சியிலுள்ள இரண்டு மூன்று பேட்டன்களுக்கு இடையே பின்விளிம்பு அலை அலையாகத் தளர்ந்து தொங்க வேண்டும். எது வரை தளர வேண்டும் என்பதற்குப் பல பாய்களில் புள்ளியோ கோடோ அச்சிட்டிருப்பார்கள். அத்துடன், மரத்தருகே பேட்டனின் முனை மாஸ்ட்டின் அகலத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்கு மேல் அதன் மேல் ஏறிக் கிடந்தால் இன்னும் இழுக்க வேண்டும் என்று பொருள். இந்த இழுப்புக்குப் பலம் வேண்டும், ஆனால் முதுகின் பலம் வேண்டாம். மணலில் உட்கார்ந்து, பாதத்தை மாஸ்ட்டின் அடியில் ஊன்றி, கயிற்றை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு காலை நீட்டினால் எழுபது வயதுக்காரனான என்னாலும் முடிகிறது. வெறுங்கையில் கயிற்றைச் சுற்றி இழுப்பவர் விரல் அறுபடும்.

அவுட்ஹால், அதாவது பின்மூலையைப் பூமின் வாலோடு சேர்த்து இழுக்கும் கயிறு, இதற்கு நேர்மாறானது. அதில் கஞ்சத்தனம் நல்லது. பூமை 184-க்கு வைத்து, பாய் தன் இயல்பான நிலைக்கு வந்தபின் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் மேலும் இழுத்துக் கட்டினால் போதும். காற்று குறைந்தால் சற்றே தளர்த்தலாம், கூடினால் சற்றே இழுக்கலாம். கரையில் நான் காணும் பாய்களில் பெரும்பாலானவை கீழ்நோக்கிக் குறைவாகவும் பின்னோக்கி அதிகமாகவும் இழுக்கப்பட்டவை. கீழ் இழுப்பு போதாததால் வரும் சுருக்கத்தைப் பின் இழுப்பால் போக்க முயல்வதே காரணம். சுருக்கம் மறையும், பாய் பலகை போலத் தட்டையாகும், வேகமும் போகும். பேட்டன்களைப் பொறுத்தவரை, உறையில் குறுக்குச் சுருக்கம் மறையும் வரை மட்டும் திருகாணியை முடுக்கினால் போதும். அதற்கு மேல் முடுக்குவது தையலைப் பிய்க்கும்.

கட்டிய பாயைத் தூக்கிச் செல்லும்போது மாஸ்ட் எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் காற்று அடியில் புகுந்து பாயைக் குப்புறக் கவிழ்க்கும், நம்மையும் சேர்த்து. தேநீர் குடிக்கப் போகும்போதும் அப்படியே, மரத்தைக் காற்றுக்கு எதிரே வைத்துக் கிடத்த வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேலாகும் என்றால் இரு கயிறுகளையும் தளர்த்தி நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும் பாய் ஒவ்வோர் அடிக்கும் தேய்கிறது.

அவிழ்க்கும்போது வரிசை தலைகீழாக வரும். முதலில் அவுட்ஹால், பிறகு பூம், அதன் பிறகே டவுன்ஹால். அவசரத்தில் டவுன்ஹாலை முதலில் விட்டால், பின்னோக்கிய இழுப்பு முழுவதும் தளர்ந்த தகட்டின் மேல் விழும். மாஸ்ட்டை உருவும்போது உறையைப் பிடித்து இழுக்கலாம், தகட்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. மணலைத் தட்டிவிட்டு, உச்சியிலிருந்து தொடங்கி, பேட்டன்கள் சுருளுக்கு இணையாக இருக்கும்படி அடிப்பகுதி வரை சுருட்ட வேண்டும். பாயைப் போர்வை போல மடித்து வைத்தால், மடித்த கோட்டில்தான் அடுத்த ஆண்டு விரிசல் வரும்.

ஒவ்வொரு முறையும் நன்னீரில் அலச வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். அவற்றை எழுதியவர்கள் குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் ஊரில் வாழவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது ஒரு வாளிக் கணக்கு: முதலில் மாஸ்ட் இணைப்பும் நீட்டுக் குழாயின் கப்பிகளும், அடுத்துப் பூமின் நீட்டும் பகுதியும் அதன் பூட்டுகளும், மிச்சமிருக்கும் தண்ணீரை ஈரத் துணியாக்கித் தகட்டுக்கு. உலோகமும் பொறியும் உப்பால் முதலில் கெடும். தகட்டின் மேலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பையினுள் பூசணம் பிடிக்க வைக்கும் என்றாலும், ஒரு வாரம் பொறுக்கும். மழைக்காலத்தில் வாசலிலேயே பாயை விரித்து வைத்து வானத்திடம் அலசும் வேலையைக் கொடுத்துவிடுவேன்.

சிறு துளைகளுக்குப் பயப்பட வேண்டாம். இடத்தை நன்னீரால் துடைத்து, நன்றாக உலர்த்தி, பாய்க்கென்று விற்கும் ஒட்டுநாடாவை மூலைகளை வட்டமாக வெட்டி இரு பக்கமும் ஒட்டினால் பல மாதம் தாங்கும். கூரான மூலை மட்டும் முதலில் உரியும். தகடு முழுவதையும் மாற்ற வேண்டி வந்தபோது, லாரித் தார்ப்பாய் தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். “இது பாயா, ஜன்னலா சார்?” என்று கேட்டுவிட்டு, பருத்தி நூல் மட்கிவிடும் என்று அவரே பாலியெஸ்டர் நூலை எடுத்தார். தையலை நெருக்கமாகப் போட வேண்டாம், ஊசித் துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் போலக் கிழியும் என்பதை மட்டும் நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பாய் இன்றும் ஓடுகிறது.

இவை எல்லாம் பணத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கச்சான் தென்மேற்கிலிருந்து வீசும்போது, மண்டபத்தின் வடகரையில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. தண்ணீர் குளம் போலத் தட்டையாக இருக்கும். கற்றுக்கொள்பவர்களை அங்கேதான் இறக்குகிறார்கள். அந்தக் காற்றில் டவுன்ஹால் கயிறு அறுந்தாலோ, பலகையையும் மாஸ்ட்டையும் இணைக்கும் மூட்டு முறிந்தாலோ, பாய் செயலற்றுப்போன ஆளைக் காற்றே வெளியே தள்ளிக்கொண்டு போகும். அந்தத் திசையில் 1974-இல் வரையப்பட்ட இலங்கைக் கடல் எல்லை இருக்கிறது என்பதை எங்கள் மீனவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கயிற்றில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். மூட்டிலுள்ள ரப்பரையோ பிளாஸ்டிக் தண்டையோ மடக்கி, மடங்கிய இடத்தில் வெடிப்புத் தெரிகிறதா என்று பார்க்க இன்னொரு நிமிடம். கட்டிக் கொடுத்த பாயை வாங்கிக்கொண்டு நேரே தண்ணீருக்குள் போகிறவர் இந்த இரண்டு நிமிடத்தை எங்கே கற்பார்?

ஆகவே முகாம்களை நடத்துவோரிடமும், அவர்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளிடமும் தங்கள் நாளிதழ் வாயிலாக வைக்கும் வேண்டுகோள் இதுதான். முதல் நாள் முதல் மணி நேரத்தைக் கரையில் பாய் கட்டவும் அவிழ்க்கவும் ஒதுக்குங்கள். அதற்கும் சேர்த்தே கட்டணம் வாங்குங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். பாய்களை வைக்கத் தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று போடுங்கள். ஒரு பாயின் விலையில் சிறு பகுதிகூட ஆகாது. வாடகைக்குக் கொடுக்கும்போது, எடுப்பவர் முன்னிலையில் தகட்டை வளைத்துக் காட்டி, ஏற்கெனவே உள்ள கிழிசல்களைத் தாளில் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். சேதத்துக்குப் பணம் கேட்கும் உரிமை அதற்குப் பிறகுதான் வரும். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈபாத் அலி நம் நாட்டுக்கு விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வாங்கித் தந்த பிறகு, இந்த விளையாட்டைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்லும் முதல் சோதனை, முகாமுக்குப் போய்க் கடலைப் பார்க்குமுன் பாய்கள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள் என்பதே.

கடைசியாகத் தங்கள் புகைப்படக்காரருக்கு ஒரு சொல். அடுத்த முறை அவர் எங்கள் கரைக்கு வரும்போது, உச்சிப் பக்கம் விளிம்பு தளர்ந்து, அலை அலையாகத் தொங்கி, பார்ப்பதற்குச் சோம்பேறி கட்டியது போல ஒரு பாய் மணலில் கிடந்தால், படத்துக்கு உதவாது என்று தாண்டிப் போக வேண்டாம். அதைக் கட்டியவர் பக்கத்தில்தான் எங்காவது விரல்களை உதறிக்கொண்டு நிற்பார். அவரையும் சேர்த்து எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.